பூ எடுத்துக் கொடுத்தவர்

மனைவி கிளாடிஸ் இறந்து வருடம் திரும்பிய பிறகும் அவளுடைய செல்போனுக்கு வின்ஸ்டன் மாதம் தவறாமல் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தார். எதற்கு என்று கேட்க வீட்டில் வேறு ஆள் இல்லை. யாராவது கேட்டிருந்தாலும் சொல்ல அவரிடம் ஒரு காரணமும் இருந்திருக்காது. சார்ஜ் இறங்கினால் போடுவார். அடித்தால் பார்ப்பார். எடுக்கமாட்டார்.

கருமத்தம்பட்டியில் அவர் குடியிருந்த தெருவில் இரண்டு பக்கமும் தறிக் கொட்டகைகள். முப்பது வருடத்துக்கு மேல் அந்தக் கொட்டகைகளில் ஃபிட்டர் வேலை பார்த்தவர். முழங்கால் இரண்டும் மக்கர் செய்ய ஆரம்பித்ததும் விட்டுவிட்டார். பிள்ளைகள் இல்லை. அவர் வீட்டில் இருக்க ஆரம்பித்த காலத்தில் குடும்பத்தை ஓட்டியதே கிளாடிஸின் கைதான்.

கிளாடிஸ் கல்யாணத்துக்கு முன்னால் கோயமுத்தூரில் ஒரு பூக்கடையில் வேலைக்குப் போனவள். அங்கே பொக்கே கட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். சர்ச்சில் கல்யாணம் என்றால் பெண்ணின் கையில் பொக்கே வேண்டும். சோமனூர், அவிநாசி, பல்லடம் என்று சுற்றுப்பட்டில் இருந்தெல்லாம் அவளைத் தேடி வந்தார்கள். கடைக்காரர்கள் செய்வதுபோல் ஸ்பாஞ்சில் குத்திப் பிளாஸ்டிக் தாளைச் சுற்றித் தரமாட்டாள். இடது கையில் ஒரு பூவைப் பிடித்து, அதன் மேல் அடுத்ததைச் சாய்த்து வைத்து, கையைச் சற்றே திருப்பி, இன்னொன்றைச் சாய்த்து, மறுபடி திருப்பி, கைப்பிடிக்குள்ளேயே முழுக் கொத்தையும் வளர்த்துவிடுவாள். காம்புகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, கீழே முறுக்கிவிட்ட மாதிரி விரிந்து நிற்கும். தறிக் கொட்டகையில் கழித்துப் போடும் நூலை வின்ஸ்டன் கொண்டுவந்து கொடுப்பார். அதை வைத்து ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டுவாள். அதற்கு மேல் ரிப்பன்.

அவள் கட்டும்போது வின்ஸ்டன் சாப்பாட்டு மேஜைக்கு மறுபுறம் உட்கார்ந்திருப்பார். ரோஜாவுக்கு முள் நீக்குவது, வெளி இதழைக் கிள்ளுவது, கேட்கக் கேட்க எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. "ரோஸ்" என்பாள். கொடுப்பார். "ஜிப்சி" என்பாள். நுரை மாதிரி இருக்கும் அந்தப் பொடி வெள்ளைப்பூவில் ஒரு கிளை ஒடித்துக் கொடுப்பார். "எல." கொடுப்பார். பெரும்பாலான மாலைகளில் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். வின்ஸ்டனுக்குப் பேச்சு வராது. தறிச் சத்தத்தில் வேலை பார்த்தவர்கள் ஒன்று கத்திப் பேசுவார்கள், இல்லையென்றால் பேசவே மாட்டார்கள். அவர் இரண்டாவது வகை.

மூன்றே நாள் காய்ச்சலில் போன கிளாடிஸை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு, பேச வேண்டியவை எல்லாம் அவருக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

ஒரு சனிக்கிழமை போன் மினுங்கியது. கண்ணாடி போடாமல் அணைக்கப் போனவர் எதையோ அழுத்திவிட்டார். வாட்ஸ்அப்பில் வந்திருந்த ஒரு பெண் குரல் கூடத்தில் கணீரென்று கேட்டது.

"ஆன்ட்டி, நல்லா இருக்கீங்களா? நான் அக்ஷிதா. கிணத்துக்கடவுங்க. எங்கூட படிச்ச ஷைலா கல்யாணத்துக்கு நீங்கதான பொக்கே கட்டுனீங்க? எனக்கும் கல்யாணம் வருதுங்க ஆன்ட்டி. நாங்க நாயுடுங்கதான், இருந்தாலும் ரிசப்ஷனுக்கு அதே மாதிரி ஒண்ணு வேணும். கட்டித் தருவீங்களா?"

வின்ஸ்டன் நின்ற இடத்திலேயே நின்றார். கிளாடிஸ் நன்றாக இருக்கிறாளா என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். ஒரு வருடமாக அவளைப் பற்றி யாரும் நிகழ்காலத்தில் பேசவில்லை. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்.

"நல்லா இருக்கறேன் கண்ணு. கட்டித் தாரேன்."

அனுப்பிய பிறகுதான் செய்தது உறைத்தது. அழிக்கலாம் என்று நினைத்தார். எப்படி அழிப்பது என்று அவருக்குத் தெரியாது. அதற்குள் மறுபக்கமிருந்து பூப்படங்களும் கும்பிட்ட கைகளுமாக வந்து விழுந்தன.

அன்றிலிருந்து அக்ஷிதா தினமும் பேசினாள். சேலைப் படம் அனுப்பினாள். மயில்கழுத்து நிறம். வெள்ளை ரோஜா எடுபடுமா, நீலத்தில் ஏதாவது சேர்க்கலாமா என்று கேட்டாள். கிளாடிஸ் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்து வின்ஸ்டன் எழுதினார். வெள்ளையோடு சம்பங்கி சேர்த்தால் வாசமாக இருக்கும், நீலச் சாயத்தில் தோய்த்த பூ வேண்டாம், கையெல்லாம் ஒட்டும். உன் உயரம் எவ்வளவு கண்ணு, கொத்து தொப்புளுக்கு மேலே ஏறக்கூடாது. இதெல்லாம் எதிரே உட்கார்ந்து வருடக்கணக்கில் காதில் வாங்கியது. கை தானாக எழுதியது.

மாலையானால் அவர் முகம் கழுவிக்கொண்டு போனை மேஜைமேல் வைத்துக் காத்திருக்க ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுச் சுப்பாத்தாள் குழம்பு கொடுக்க வந்தவள் அவரைப் பார்த்துவிட்டு, "என்னுங்க, மொகம் கொஞ்சம் தெளிஞ்சாப்ல இருக்குது" என்றாள். "ஒண்ணுமில்லீங்" என்றார்.

பேச்சு பூவிலேயே நிற்கவில்லை. ஒருநாள் அக்ஷிதாவின் குரல் தாழ்ந்து வந்தது.

"ஆன்ட்டி, இங்க ஊடு நெறைய ஒறம்பரை. எல்லாரும் டெகரேஷன், மெனு, நகைன்னு பேசறாங்க. எனக்கு எப்படி இருக்குதுன்னு யாரும் கேக்கறதில்ல. சசிதர் நல்லவருதான். ஆனா போன் பண்ணுனா நாலு வார்த்தைக்கு மேல வராது. பெங்களூர்ல அந்த பிளாட்ல நாங்க ரெண்டு பேரு மட்டும் எப்படி இருக்கப் போறோம்னு நெனச்சா தூக்கமே வர்றதில்ல. அம்மாகிட்ட சொன்னா, எல்லாஞ் செரியாப் போயிரும்ங்கறாங்க. நீங்க கல்யாணத்துக்கு முன்னாடி அங்கிள்கூட பேசியிருக்கீங்களா ஆன்ட்டி?"

வின்ஸ்டன் அதை இரண்டு தடவை கேட்டார். அவர்களுடையது பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம். பெண் பார்க்கப் போனபோது கிளாடிஸ் காப்பி கொடுத்தாள், அவர் வாங்கிக் குடித்தார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எழுதினார்.

"இல்ல கண்ணு. கல்யாணத்துக்கு அப்புறமும் அவரு அதிகமாப் பேச மாட்டாரு."

"அப்ப உங்களுக்கு கஷ்டமா இல்லீங்களா ஆன்ட்டி?"

கிளாடிஸுக்குக் கஷ்டமாக இருந்ததா? அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. கேட்க இனி வழி கிடையாது. வாசலில் பால்காரன் மணி அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போயே விட்டான். கடைசியில் ஒரு வரி எழுதினார்.

"நான் பூ கட்டறப்ப எதுக்க வந்து உக்காந்துக்குவாரு."

அக்ஷிதாவிடமிருந்து ஒரு சின்ன இதயப் படம் வந்தது. வின்ஸ்டன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பின்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஒப்புக்கொண்டதைச் செய்ய வேண்டுமே. கட்டிப் பழக ஒருநாள் விடிகாலை பஸ்ஸில் பூ மார்க்கெட் போய் வெள்ளை ரோஜாவும், சம்பங்கியும், ஜிப்சியும், இலையும் வாங்கி வந்தார். கிளாடிஸ் செய்வதுபோலவே காம்பைச் சாய்வாக நறுக்கி, கழுத்தளவு தண்ணீரில் நிற்க வைத்தார். மதியத்துக்கு மேல் மேஜையில் பரப்பிக்கொண்டு வழக்கமான தன் நாற்காலியில் உட்கார்ந்து கட்ட ஆரம்பித்தார்.

வரவில்லை. ஏழெட்டுப் பூ சேர்ந்ததும் காம்புகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு நின்றன. இறுக்கினால் ஒரு ரோஜாவின் கழுத்து முறிந்தது. அவிழ்த்தார், மறுபடி கட்டினார். ஒரு பக்கம் வீங்கி, மறுபக்கம் வழுக்கையாக இருந்தது. கை கிளாடிஸின் கை போனபடிதான் போனது. இத்தனை வருடம் பார்த்த காட்சியில் ஒன்றும் மறக்கவில்லை. பிறகு எங்கே தப்பு?

மூன்றாவது முறை அவிழ்க்கும்போதுதான் புரிந்தது. அவர் பார்த்ததெல்லாம் எதிரில் இருந்து பார்த்தது. அவளுக்கு இடம், அவருக்கு வலம். கண் ஒரு பக்கம் சாய்க்கச் சொல்கிறது, கை இன்னொரு பக்கம் சாய்க்கிறது. பாதியில் திசை மாறிவிடுகிறது.

சுவரோரம் இருந்த அவள் நாற்காலியை அடக்கத்துக்குப் பிறகு அவர் தொட்டதில்லை. அதன்மேல் மடித்த துணிகள் இருந்தன. அவற்றை எடுத்து வைத்துவிட்டு அதில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் வாசல் தெரிந்தது, தெருவில் போகிறவர்கள் தெரிந்தார்கள், எதிரே அவருடைய காலி நாற்காலி தெரிந்தது. இத்தனை வருடமும் அவள் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். சற்று நேரம் பூவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஒரு ரோஜாவை எடுத்து இடது கையில் பிடித்தார். இந்தமுறை காம்புகள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. ஒழுங்கான உருண்டையாக வரவில்லை, ஆனால் அவிழவில்லை. எடுத்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. ஒவ்வொரு பூவுக்கும் அவரே குனிந்து எட்ட வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், அக்ஷிதாவும் அவள் அம்மா ராமாமணியும் காரில் வந்து இறங்கினார்கள். ரிப்பன் நிறம் பார்க்க ஜாக்கெட் துணியில் ஒரு துண்டு கொண்டுவந்திருந்தார்கள். ஆன்ட்டியை நேரில் பார்க்க வேண்டும் என்று அக்ஷிதாதான் அம்மாவை இழுத்து வந்திருந்தாள். வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த சுப்பாத்தாளிடம் ராமாமணி கேட்டது உள்ளே இருந்த வின்ஸ்டன் காதில் விழுந்தது.

"ஏனுங்க, பொக்கே கட்டற கிளாடிஸம்மா ஊடு இதுங்களா?"

"ஊடு இதுதானுங்க. கிளாடிஸு போயி வருசந் திரும்பிருச்சே அம்மணி. உங்களுக்குச் சேதி தெரியாதுங்களா?"

"என்னங்க சொல்றீங்க? நேத்துப் பொழுதோடகூட இவளுக்கு மெசேஜ் வந்துச்சுங்களே!"

வின்ஸ்டன் எழுந்து வாசலுக்கு வந்தார். போனில் குரலாக மட்டும் தெரிந்த பெண், உயரமாக, கையில் துணித்துண்டோடு நின்றிருந்தாள். அவர் கையில் கிளாடிஸின் போன் இருந்தது. அக்ஷிதா அதைப் பார்த்தாள்.

"எங்கிட்டப் பேசிட்டு இருந்தது யாருங்க?"

"நான்தான் கண்ணு."

"எல்லாமேவா?"

"எல்லாமே நான்தான்."

அவள் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. திரும்பிப் போய்க் காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். மகள் என்னவெல்லாம் பேசியிருந்தாள் என்று ராமாமணிக்குத் தெரியாது. "ஆர்டர் போயிருமேன்னு மறைச்சீங்களாக்கும். சொல்லியிருந்தா நாங்க என்ன சொல்லப் போறோம். வயசான காலத்துல எதுக்குங்க இதெல்லாம்? செரி, நாங்க வேற எடத்துல பார்த்துக்கறோமுங்க" என்று தன்மையாகவே சொன்னாள். அவள் திட்டியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. சுப்பாத்தாள் குடத்தை நிரம்ப விட்டுவிட்டு வாயில் கைவைத்து நின்றாள். கார் தெருமுனை திரும்பியது.

அன்று மாலை அவர் முதல்முறையாகத் தன் பெயரில் எழுதினார். "நான் வின்ஸ்டன். கிளாடிஸ் ஊட்டுக்காரன். செஞ்சது தப்பு. ஒத்துக்கிட்ட பூவைக் கட்டிக் கொண்டாந்து தாரேன். புடிக்கலைன்னா வாங்க வேண்டாம்." பார்த்துவிட்டாள் என்பதற்கு அடையாளமாக டிக் நீலமானது. பதில் வரவில்லை. மறுநாளும் இல்லை. அதன் பிறகும் இல்லை. போனை மேஜைமேல் வைக்கும் பழக்கம் மட்டும் மிச்சம் இருந்தது.

ரிசப்ஷன் அன்றைக்கு வீடு முழுக்கச் சம்பங்கி வாசம். சுவரோர நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகக் கட்டினார். அவள் கையிலிருந்த துண்டில் மயில்கழுத்து நிறத்தை ஒருமுறைதான் நேரில் பார்த்திருந்தார். ஆனால் நூலும் நிறமும் அவர் பிழைப்பு. கடையில் பத்து ரிப்பன்களை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துத்தான் எடுத்திருந்தார். பழைய பெயின்ட் வாளியில் ஈரத்துணியைப் போட்டு, கொத்தை அதில் நிற்க வைத்து, காந்திபுரம் பஸ் ஏறினார். அங்கிருந்து உக்கடம், உக்கடத்தில் இருந்து பொள்ளாச்சி பஸ். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"கல்யாணமுங்களா?"

"ஆமாங்க."

"உங்க பொண்ணுக்குங்களா?"

"இல்லீங்க."

"அப்ப ஒறம்பரையில?"

அதற்கு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரோட்டின் இரண்டு பக்கமும் தென்னந்தோப்புகள் ஓடிக்கொண்டிருந்தன.

அவள் முன்பே அனுப்பியிருந்த பத்திரிகையில் இருந்த கிணத்துக்கடவு மண்டபம். முன்வாசல் வழியே போக அவருக்குக் கால் வரவில்லை. சமையல்கட்டுப் பக்கமாக நின்றார். ராமாமணி யாரையோ தேடி வந்தவள் அவரையும் வாளியையும் பார்த்துத் திகைத்தாள். "நீங்களேவா இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தீங்க? கடையில இருந்து வந்திருச்சுங்களே" என்றாள். ஆனாலும் திருப்பி அனுப்ப மனம் வராமல் மணப்பெண் அறைக்குக் கூட்டிப்போனாள். அலங்காரம் செய்கிறவர்களை விலக்கிக்கொண்டு அக்ஷிதா கதவுக்கு வந்தாள். ஒரு கண்ணுக்கு மட்டும் மை தீட்டி முடிந்திருந்தது.

"அம்மா, நீங்க போங்க. சித்த நேரம்" என்றாள். ராமாமணி போனதும் குரலைத் தாழ்த்தினாள். "நான் சொன்னதையெல்லாம் யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொல்றதுக்கு எனக்கு யாரு இருக்கறாங்க கண்ணு?"

அவள் கதவின் தாழ்ப்பாளை நிமிண்டிக்கொண்டு நின்றாள். "எதுக்க வந்து உக்காந்துக்குவாருன்னு எழுதுனீங்களே. அது ஆன்ட்டி எப்பவாவது உங்ககிட்ட சொன்னதுங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவளுக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். "இல்ல. நானா எழுதுனதுதான். அவ மனசுல என்ன இருந்துச்சோ எனக்குத் தெரியாது. கேக்காமயே இருந்துபோட்டேன்" என்றார்.

"நீங்க மொதல்லயே சொல்லியிருக்கோணும்."

"சொல்லியிருக்கோணும்."

வாளியில் இருந்து கொத்தை எடுத்துக் காம்பைத் துடைத்து நீட்டினார். அவள் வாங்கி, இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். ஒரு பக்கம் லேசாகச் சரிந்துதான் இருந்தது. ரிப்பன் சேலையோடு சேர்ந்துகொண்டது. "சாப்புட்டுப் போங்க அங்கிள்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தெரியாத ஆட்கள் நடுவே இலை போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் நீங்க மாப்பிள்ளை வழியா, பொண்ணு வழியா என்று கேட்டார். "பூ கொண்டாந்தவனுங்க" என்றதும் கேட்டவர் தன் சாப்பாட்டில் கவனமானார். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு டிவி வைத்து மேடையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். வின்ஸ்டன் கட்டிய கொத்தோடுதான் அக்ஷிதா நின்றாள். பரிசு கொடுப்பவர்கள் வர வர, கொத்தை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டுக் கும்பிடுவாள். ஒல்லியான பையன். எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் கை நீட்டினால் கொடுத்தான். மறுபடி தந்தால் வாங்கிக்கொண்டான். யாரோ குறுக்கே நின்று டிவியை மறைத்தார்கள். வின்ஸ்டன் இலையை மூடிவிட்டு எழுந்தார்.

அதற்கப்புறம் காங்கேயத்தில் இருந்து ஒரு அம்மாள் கிளாடிஸைக் கேட்டுக் கூப்பிட்டாள். வின்ஸ்டன் போனை எடுத்தார். "கிளாடிஸ் இறந்துட்டாங்க. நான் அவங்க ஊட்டுக்காரன் பேசறேன்." இறந்துட்டாங்க என்ற வார்த்தையைத் தன் வாயால் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. "அய்யோ, தெரியாதுங்க" என்று அவள் வைத்துவிட்டாள். வேறு சிலர் வைக்கவில்லை. அப்ப நீங்க கட்டித் தருவீங்களா என்று கேட்டார்கள். அவர்களுக்குக் கட்டித் தருகிறார். வருகிறவர்கள் பூவைப் பற்றிப் பேசுகிறார்கள், வாங்கிக்கொண்டு போகிறார்கள். அவர் எப்படி இருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.

அக்ஷிதா பிறகு பேசவே இல்லை. ஆனால் அவள் ஸ்டேட்டஸ் வைத்தால் கிளாடிஸின் போனில் தெரிகிறது. பெங்களூர் பிளாட்டின் பால்கனி, மழை, இரண்டு தட்டில் தோசை, ஒருமுறை ஜன்னலோரம் சசிதரின் முதுகு. வின்ஸ்டன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் பார்க்கிறார். பார்த்தவர்கள் பெயர்களில் கிளாடிஸ் ஆன்ட்டி என்றும் இருப்பது அவளுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதபடி அவள் எதையும் மறைக்கவில்லை. அவரும் ஒன்றும் எழுதியதில்லை. படம் தானாக மறைந்ததும் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, அடுப்பில் ஒருபிடி அரிசி வைக்கப் போகிறார்.